நாலாம் நம்பர் பாட்டுக்கு வந்த சாமி

அந்த சீட் வேண்டாம் சார். ஸ்பீக்கருக்கு நேர் கீழ இருக்கு. இறங்கும்போது உங்க பேரே உங்களுக்கு மறந்துபோயிருக்கும். இங்க வாங்க, நான் தள்ளிக்கறேன். பையை மடியில வச்சுக்கங்க. கீழ வச்சா எவனாவது மிதிப்பான்.

படிக்கறேனா? கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் முதல்ல இதைத்தான் கேக்கறாங்க. படிக்கல. பிளஸ் ஒன் பாதியில விட்டுட்டேன். ஃபெயில் ஆகல சார், விட்டுட்டேன். ரெண்டும் வேற. ஃபெயில்னா ஃபெயில்னு சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது. என்கிட்ட இருக்கற ஒரே நல்ல குணம் அதுதான்னு எங்கக்கா சொல்லும். ஒரே கெட்ட குணமும் அதுதான்னு எங்க மச்சான் சொல்வார்.

பேரு இளம்பரிதி. பரிதின்னு கூப்பிடுங்க, போதும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மச்சானோட மொபைல் கடை. அங்கதான் இருக்கேன். ஸ்கிரீன் மாத்துவேன், கவர் மாட்டுவேன், பாட்டு ஏத்திக் குடுப்பேன்.

நீங்க இந்த ரூட்டுக்குப் புதுசுதானே? அப்ப ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இங்க யாரும் நேரம் பாத்து பஸ் ஏற மாட்டாங்க. பாட்டு பாத்துதான் ஏறுவாங்க. ஏழு பத்துக்கு இந்த பஸ், வாலகுருநாதன். ஏழு பதினாலுக்கு பின்னாடியே ஜெயஜோதி. ரெண்டும் ஒரே ஊருக்குத்தான் போகுது. ஆனா இவன் அழுகாச்சிப் பாட்டா போட்டான்னா ஜனம் ஏறாம நாலு நிமிஷம் வெயில்ல நிக்கும், அடுத்தவன் குத்துப் பாட்டு போடுவான்னு. டயர் வழுக்கையா இருந்தாக்கூட ஓனர் கவலைப்பட மாட்டார். பென்டிரைவ் பழசாயிட்டா ராத்திரி தூங்க மாட்டார்.

போன மார்கழி கடைசியில டிரைவர் கோட்டைச்சாமி அண்ணன் கடைக்கு வந்தார். இதோ முன்னாடி ஓட்டறாரே, அவர்தான். திரும்பிப் பாக்காதீங்க, அவரும் நானும் பேசிக்கறதில்ல.

"பரிதி, பழைய பாட்டாவே ஓடுதுன்னு ஜனம் திட்டுது. எல்லாத்தையும் அழிச்சுட்டு இந்த வருசத்துப் பாட்டா ஏத்து"ன்னார்.

"எந்தப் பாட்டுண்ணே?"

"உனக்கு எது பிடிக்குதோ அதைப் போடுடா. எனக்கு டீ ஆறுது."

கவனிச்சீங்களா சார்? உனக்கு எது பிடிக்குதோன்னு சொன்னது அவர். நான் இல்ல. இதைப் பின்னாடி யாரும் ஞாபகம் வச்சுக்கல.

எனக்கு என்ன பிடிக்கும்னா, சிந்த்பாப். அதுலயும் இருட்டுப் பக்கம். டார்க் எலெக்ட்ரானிக்னு சொல்வாங்க. எப்படி இருக்கும்னா, ஒரு கீபோர்டு, ஒரு டிரம் மெஷின், ஒரு பூட்டின ரூம். ஆடறதுக்கான பாட்டு சார், ஆனா பாடறவன் அழுதுட்டு இருப்பான். ஊர் ஊரா, நாடு நாடா, வீட்டுக்குள்ள உக்காந்து ஆளுங்க பண்றாங்க. பாதிப் பாட்டை முந்நூறு பேர்தான் கேட்டிருப்பாங்க. அதுல ஒருத்தன் நான். வருசம் பூரா கேட்டு, வருசக் கடைசியில பத்து பொறுக்குவேன். ஏழெட்டு தடவை மாத்துவேன். சும்மா இல்ல அது.

பேரெல்லாம் வாயில நுழையாது. நானே பேர் வச்சுக்குவேன். ஒண்ணாம் நம்பர், ஐஸ்பெட்டி. ஒருத்தன் ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்து பாடற மாதிரியே இருக்கும். ரெண்டு, தட்டறவன். நாலு, படிக்கட்டு. பேஸ், அதாவது அந்தக் கனமான அடிச்சத்தம், படிப்படியா கீழ இறங்கும், இறங்கும், இறங்கும், திடீர்னு எல்லாம் நின்னுடும். ரெண்டு செகண்டு ஒண்ணுமே இருக்காது. அப்புறம் தொம்முனு விழும் பாருங்க. ஒன்பது, ஒரு ஆள் எட்டு நிமிஷம் ஒரே வார்த்தையைச் சொல்வான். என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. தேவையும் இல்ல.

ஏழு இருக்கே சார், ஏழு. அதுக்கு மூச்சுன்னு பேர். பட்டியல்ல ஏழாவதா வச்சாலும் அதுதான் உசத்தி. ஏன் முதல்ல வைக்கலன்னா, நல்லதை முதல்ல வச்சா எவன் மீதியைக் கேப்பான்? ஒரு பொண்ணு, குறை சொல்ற மாதிரி பாடுவா. பின்னாடி டிக் டிக்னு மெஷின் மட்டும். கடைசியில எல்லாம் நின்னுரும். அவ ஒரு மூச்சு இழுப்பா, பாடப்போற மாதிரி. அவ்வளவுதான். பாட்டு முடிஞ்சுது. பாட மாட்டா. இதை நான் கண்டுபிடிக்க பதினோரு தடவை கேக்க வேண்டியிருந்துச்சு.

அந்தப் பத்தைத்தான் ஏத்திக் குடுத்தேன். நானூறு பாட்டு இருந்த பென்டிரைவ்ல இப்ப பத்து.

முதல் நாள் பத்து நிமிஷம்கூட ஓடல. "கண்டக்டரே, எங்கயோ மிக்ஸி ஓடுது"ன்னு ஒரு கிழவர். "பாட்டு இல்லப்பா, ரேடியோ சரியா புடிக்கல"ன்னு இன்னொருத்தர். ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சதும் டொக், டொக், டொக். கோட்டைச்சாமி அண்ணன் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பாத்திருக்கார். சத்தம் நிக்கல. ஸ்டாண்டுக்கு வந்ததும் நேரா மெக்கானிக்கிட்ட விட்டிருக்கார். மெக்கானிக் அரை மணி நேரம் பெல்ட்டு எல்லாம் கழட்டிப் பாத்துட்டு, "அண்ணே, இன்ஜின் ஆஃப்ல இருக்கு. ஆனா தட்டுது"ன்னு சொல்லியிருக்கான்.

பென்டிரைவை என் மூஞ்சியில எறிய வந்தார் அண்ணன். நான் சொன்னேன், "ஒரே ஒரு நாள் குடுங்கண்ணே. நான் கூட வந்து எல்லாருக்கும் விளக்கறேன். தெரியாததனாலதான் பிடிக்கல." மச்சான் தலையில கை வச்சுக்கிட்டார். ஆனா மறுநாள் விடியறதுக்குள்ள நானூறு பாட்டு தேடி ஏத்த யாராலயும் முடியாது. அதனால சரின்னாங்க.

மறுநாள் அந்தக் கம்பியைப் புடிச்சுட்டு நின்னேன் சார், பஸ் முன்னாடி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி சொன்னேன். "இது ஐஸ்பெட்டி. குரல் தூரத்துல கேக்கும், வேணும்னுதான் அப்படிப் பண்ணியிருக்காங்க." "இது தட்டறவன். தட்டற சத்தம் வரும், யாரும் பயப்பட வேண்டாம், டிரைவர் அண்ணே, நீங்களும்." கண்டக்டர் ஜெயசீலன், "மருந்து விக்கிறியாடா?"ன்னான். பஸ்ஸே சிரிச்சுது. சிரிக்கட்டும். மூணாவது பாட்டுக்கு ஒரு ஆள் "எப்பப்பா முடியும்?"னு கேட்டார். "மூணு நிமிஷம் நாப்பது செகண்டு"ன்னேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அதுக்கும் சிரிப்பு.

நாலாம் நம்பர் ஓடிட்டு இருக்கு. மேட்டுக்கரை கருப்பணசாமி கோயில் முன்னாடி ஒரு பெரிய வேகத்தடை இருக்கு, இப்ப வரும், காட்டறேன். அண்ணன் பிரேக் போட்டார். சரியா அந்த ரெண்டு செகண்டு. பாட்டும் நின்னுது, பஸ்ஸும் நின்ன மாதிரி ஆச்சு. சக்கரம் ஏறி இறங்கவும் பேஸ் விழவும் ஒண்ணா இருந்துச்சு.

மூணாவது சீட்ல ஒரு அக்கா எந்திரிச்சாங்க. நாகஜோதி அக்கா. மேட்டுக்கரைக்கு முந்தின ஸ்டாப்புல ஏறுவாங்க, ஸ்பின்னிங் மில்லுல எட்டு மணி ஷிப்டு. அதுவரைக்கும் அவங்க ஒரு வார்த்தை பேசி யாரும் பாத்ததில்லையாம். எந்திரிச்சு ரெண்டு கையும் மேல தூக்கினாங்க. கொண்டை அவுந்துச்சு. ஆட ஆரம்பிச்சாங்க சார். பீட்டுக்குச் சரியா. ஒரு அடி தப்பல.

"கருப்பா!"ன்னு யாரோ கத்தினாங்க.

அவ்வளவுதான். ஜெயசீலன் டிக்கெட் பையைக் கழட்டி வச்சுட்டு, முன்னாடி சாமி படத்துக்கிட்ட இருந்த விபூதியை எடுத்துட்டு ஓடி வந்தான். அண்ணன் செருப்பைக் கழட்டிட்டு ஓட்டினார். ஒரு அம்மா, "வந்திருக்கறது யாரு, சொல்லு"ன்னு கேட்டாங்க. அக்கா ஆடினாங்க, அவ்வளவுதான். பாட்டு முடிஞ்சதும் உக்காந்து கொண்டை போட்டுக்கிட்டாங்க.

நான் அஞ்சாம் நம்பரை அறிமுகப்படுத்த வாயைத் திறந்தேன். "மூடுடா"ன்னாங்க. அன்னைக்கு மீதி ஆறும் அறிமுகம் இல்லாமலே ஓடுச்சு.

அதுக்கப்புறம் தினமும். ஒரு வாரத்துல இந்த பஸ்ல ஏற இடம் கிடையாது. அண்ணன் பாட்டுக்குத் தகுந்த மாதிரி வண்டி ஓட்ட ஆரம்பிச்சார். முந்தின ஸ்டாப்புல யாராவது ஏற நேரமாக்கினா, "சீக்கிரம் ஏறும்மா, சாமி வர்ற நேரம்"னு ஹார்ன் அடிப்பார். எலுமிச்சம்பழம் கட்டினாங்க. கற்பூரம் கொளுத்தினாங்க. சீட்டு லேசா பத்திக்கிச்சு. அப்புறம் ஓனர் போர்டு மாட்டினார், 'சாமிக்குக் கற்பூரம் இறங்கிக் காட்டவும்'னு. இன்னும் இருக்கு பாருங்க, கதவுக்கு மேல.

ஜெயஜோதிக்காரன் கடைக்கு வந்து, "அந்த சாமிப் பாட்டைக் குடு"ன்னு ஏத்திட்டுப் போனான். அவன் பஸ்ல அதே பாட்டு, அதே வேகத்தடை, நாலு தடவை முன்னும் பின்னும் ஏத்தி இறக்கினானாம். ஒருத்தருக்கும் சாமி வரல. ஒரு அம்மாவுக்கு வாந்தி வந்துச்சு.

சின்னக்காளைன்னு ஒருத்தர், கோயில் கமிட்டித் தலைவர். "சாமி, தண்ணிக்கு போர் எந்தப் பக்கம் போட?"ன்னு அக்கா ஆடறப்பக் கேட்டார். அக்கா கை அந்த நேரம் தெற்கால போச்சு. அது ஆட்டம் சார், கை எங்கயாவது போகும்ல? தெற்கு மூலையில போட்டார். தண்ணி வந்துருச்சு. அன்னைக்கு இருந்து அவர் தினமும் இந்த பஸ்லதான் வருவார். அவருக்கு டவுன்ல ஒரு வேலையும் கிடையாது.

எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் வயிறு எரியுது. ஏன்னு கேளுங்க. நாலு மட்டும்தான் ஓடுது! போறப்ப நாலு, வர்றப்ப நாலு. மீதி ஒன்பது பாட்டை அப்புறம் ஒருத்தனும் கேக்கல. சரி, சாமி வருது, வரட்டும். ஆனா ரசனை இருக்கற சாமின்னா ஏழுக்குல்ல வந்திருக்கணும்?

இதைக் கேட்டே தீரணும்னு ஒரு நாள் மில் ஸ்டாப்புல அக்கா பின்னாடியே இறங்கிட்டேன். கேட்டுக்கு முன்னாடி சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட மறிச்சேன்.

"அக்கா, சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"ஷிப்டுக்கு நேரமாச்சு. சீக்கிரம் கேளு."

"ஏன் நாலுக்கு மட்டும் வருது? ஏழுக்கு ஏன் வரல?"

அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஏழுன்னா எது? கடைசியில அந்தப் புள்ள மூச்சை இழுத்துட்டு, பாடாம விட்டுருதே, அதுவா?"

சார். பதினோரு தடவை சார் எனக்கு. இவங்க முதல்ல ஆடின அன்னைக்கு ஒரே ஒரு தடவை கேட்டது. இன்ஜின் சத்தத்துல.

"சாமியெல்லாம் ஒண்ணும் வரலடா"ன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க, உப்பு இல்லன்னு சொல்ற மாதிரி. "எட்டு மணி நேரம் ஸ்பிண்டில் சத்தத்துலயே நிக்கிறேன். பதினாலு வருசம். அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்தாலும் காதை விட்டுப் போகாது. உன் பாட்டுலயும் அதே சத்தம்தான். ஆனா அதுக்குள்ள ஒரு ஆளு உக்காந்து அழறான். கேட்டதும் உடம்பு தானா எந்திரிச்சிருச்சு. நான் என்ன பண்ண? எந்திரிச்சப்புறம்தான் பயம் வந்துச்சு, இத்தனை பேர் பாக்கறாங்களேன்னு. அதுக்குள்ள எவனோ கருப்பான்னு கத்தினான். அதுவும் நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்."

"ஏன்க்கா, பாட்டு பிடிச்சுது, ஆடினேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

சிரிச்சாங்க. "பொம்பளை சும்மா ஆடினா செருப்பு எடுப்பான். சாமின்னா செருப்பைக் கழட்டுவான். யார்கிட்டயும் சொல்லிராதடா."

சரின்னேன். சரின்னுதான் சொன்னேன்.

அப்புறம் ஒரு ரெண்டு மாசம். வாரா வாரம் அவங்க போனுக்கு மெமரி கார்டுல புதுப் பாட்டு ஏத்திக் குடுப்பேன். அடுத்த வாரம் சைக்கிள் ஸ்டாண்டுல தீர்ப்பு சொல்வாங்க. "இவன் சும்மா சத்தம் போடறான், உள்ள ஒண்ணும் இல்ல." "இது பரவால்ல, ஆனா நடுவுல எதுக்கு அந்த மணிச் சத்தம்? கோயிலா கட்டறான்?" "இதுல கடைசி அரை நிமிஷம் போதும், மீதியை வெட்டிரு." சார், எல்லாமே சரியா இருக்கும். எனக்குக் கோபமா வரும், ஆனா சரியா இருக்கும். நாலா ஏழான்னு ஒரு நாள் சண்டையே போட்டோம். "நாலு ஆடறதுக்கு. ஏழு உக்காந்து கேக்கறதுக்கு. இதுல போட்டி என்னடா போட்டி, லூசு"ன்னாங்க. பள்ளிக்கூடத்துல எவனும் எனக்கு அவ்வளவு தெளிவா எதையும் சொல்லிக் குடுத்ததில்ல.

புடிச்சுக்கங்க சார், கம்பியைப் புடிங்க! ... இதான் அந்த வேகத்தடை. இதான் கோயில். பாத்தீங்களா, ஒருத்தரும் அசையல. இப்ப ஓடறது பழைய நானூறு.

சொல்றேன். பங்குனியில கோயில் திருவிழா வந்துச்சு. சின்னக்காளை ஒரு நாள் காலையில பஸ்ல எந்திரிச்சு ஒரு பேப்பரை நீட்டினார். நோட்டீஸ். கருப்பன் அருளிய பாட்டு, வரிகள் சின்னக்காளை, திருவிழாவுல வெளியீடு. என் நாலாம் நம்பரை எடுத்து, அதுல இருந்த குரலை அழிச்சுட்டு, அதுக்கு மேல இவர் பாடியிருக்கார். 'தெற்கு மூலை காட்டினியே'ன்னு! மேட்டுக்கரை வந்ததும் நாலுக்குப் பதிலா ஜெயசீலன் அதைத்தான் போட்டான். அந்த ரெண்டு செகண்டு இருந்துச்சே சார், ஒண்ணுமே இல்லாத ரெண்டு செகண்டு? அதுல இவர் இருமியிருக்கார்.

நானும் ரெண்டு மாசமா வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். ஆனா இதை எப்படி விடறது? எவனோ ரெண்டு பேர், எங்கயோ, பூட்டின ரூம்ல உக்காந்து பண்ணின பாட்டு. எந்திரிச்சுக் கத்தினேன். "இது சாமிப் பாட்டு இல்ல! இதைப் பண்ணினவங்களுக்குப் பேர் இருக்கு! கருப்பனும் வரல, எவனும் வரல. அந்த அக்காவே எங்கிட்டச் சொன்னாங்க, பாட்டு பிடிச்சு ஆடறேன்னு!"

அந்த நேரம் அக்கா நின்னுட்டு இருந்தாங்க. கை மேல இருந்துச்சு. முடி அவுந்திருந்துச்சு.

பாட்டு மட்டும் ஓடுது. அக்கா கையை மெதுவா கீழ இறக்கினாங்க. உக்காந்தாங்க. கொண்டை போடப் பாத்தாங்க, அவுந்து அவுந்து விழுந்துச்சு. பக்கத்து சீட்டு அம்மா எந்திரிச்சு வேற இடத்துக்குப் போனாங்க.

முதல்ல பேசினது சின்னக்காளைதான். "அப்ப என் போர்ல வந்தது என்ன தண்ணி?"ன்னு கேட்டார். தண்ணி, தண்ணிதான்.

மில் ஸ்டாப்புல இறங்கறப்ப அக்கா என்கிட்ட நின்னாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "அவ்வளவு சத்தமாவாடா சொல்லணும்?"னு மட்டும் கேட்டாங்க. போயிட்டாங்க.

மறுநாள்ல இருந்து இந்த பஸ்ல வரல. மில் வேன்ல போறாங்களாம், ஊருக்குள்ளயே வந்து ஏத்திக்கும். கண்ணாடி எல்லாம் மூடின வேன். பாட்டே கிடையாது. ஊர்ல அவங்களுக்கு 'ஆட்டக்காரி'ன்னு பேர் வச்சுட்டாங்க. சின்னப் பசங்ககூட சொல்லுது. போன்ல கூப்பிட்டா எடுக்கல.

நான் தப்புப் பண்ணினேனா சார்? உண்மையைத்தானே சொன்னேன்? பாட்டுக்காகத்தானே சொன்னேன்? ராத்திரி பகலா யோசிச்சுட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா எங்கயோ தட்டுது. இன்ஜின் ஆஃப்ல இருக்கு, ஆனா தட்டுது.

இப்ப நான் எங்க போறேன்னா, மில் கேட்டுக்கு. இது நாலாவது தடவை. வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கறான். "நீ அவளுக்கு யாரு?"ன்னு கேக்கறான். பாட்டு ஏத்திக் குடுக்கறவன்னேன். சிரிக்கறான்.

நீங்களும் அங்கதானே இறங்கப்போறீங்க? உங்க சட்டைப் பையில மில் ஐடி கார்டு தெரியுது. கயிறு இன்னும் அழுக்காகல, அதான் புதுசுன்னு கண்டுபிடிச்சேன். அதனாலதான் சார் உங்களை இங்க கூப்பிட்டு உக்கார வச்சேன். ஸ்பீக்கர் எல்லா சீட்டுக்கும் மேலதான் இருக்கு.

இந்தாங்க. சின்னக் கார்டு, தொலைச்சுராதீங்க. இந்த மூணு மாசத்துல உலகத்துல வந்ததுல நல்ல பாட்டு எட்டு, கூட நாலும் ஏழும். முதல்ல நாலை வச்சிருக்கேன். அது ஆடறதுக்கு.

நாகஜோதி. ஸ்பின்னிங்ல ரெண்டாவது வரிசை. குடுத்துருங்க. யாரு குடுத்ததுன்னு கேட்டா என் பேரைச் சொல்ல வேண்டாம். மேட்டுக்கரைக் கருப்பன் உனக்குக் குடுத்தனுப்பினான்னு சொல்லுங்க. தனியா கூப்பிட்டுச் சொல்லாதீங்க சார். டீ நேரத்துல, அத்தனை பொம்பளைங்களும் நிக்கிறப்ப, சூப்பர்வைசரும் இருக்கறப்ப, சத்தமா சொல்லுங்க.

பொய்தான். எனக்கு வராது. அதான் உங்களைச் சொல்லச் சொல்றேன். எந்திரிங்க சார், ஸ்டாப் வந்துருச்சு.